பனியில் இறக்கிவிடக் கூடாத ஆள்

அடிப்பதற்கு முன்னால் ரைமோ கைக்கடிகாரத்தைக் கழற்றுவான். கழற்றி, பட்டையை நேராக்கி, எங்காவது பத்திரமான இடத்தில் வைப்பான். கடிகாரம் கெட்டுப்போகக் கூடாதல்லவா. கல்யாணமான இத்தனை வருடத்தில் ஹெல்காவின் விலா எலும்பு இரண்டு முறை உடைந்திருக்கிறது, அந்தக் கடிகாரக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அவ்வளவு பொறுப்பான மனிதன்.

அன்று காலை போலந்தின் வடகோடியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றிருந்தபோதும் கழற்றினான். ஹெல்கா செய்த குற்றம், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் அடுத்த திருப்பம்வரை போய்விட்டது. பனி கொட்டிய கொட்டில் வழிகாட்டிப் பலகையே தெரியவில்லை. அதையெல்லாம் அவனிடம் சொல்ல முடியுமா? ஒரே குத்து. கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. தட்டுத் துடைக்கும் துணியால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

ஓட்ட வேறு ஆள் இல்லை. குடித்துவிட்டு ஓட்டி மூன்று முறை மாட்டிக்கொண்டதில் ரைமோவின் லைசென்ஸைப் பின்லாந்துப் போலீஸ் பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஏழு மீட்டர் நீள மோட்டார்ஹோமை, அடுப்பும் கட்டிலும் கக்கூஸுமாக ஒரு குட்டி வீட்டையே, ஸ்பெயினின் தென்கரையிலிருந்து பின்லாந்துவரை ஓட்டியாக வேண்டியவள் ஹெல்காதான். அவளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. பின்லாந்தின் கயானி பக்கத்துக் காட்டு ஊர்களுக்கு ஓய்வு பெறும்வரை பேருந்து ஓட்டியவள். வீல் அவள் கையில் இருக்கும், வீலைப் பிடித்த கை அவன் கையில் இருக்கும். அப்படித்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

உதடு வீங்கியதும் கண்ணாடியில் பார்த்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். ஊர் உலகமெல்லாம் சபித்த அந்தத் துணி அவளுக்கு மட்டும் ஒத்தாசையாக இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் கறுப்புக் கண்ணாடி, கழுத்துத் துணி, முழுக்கைச் சட்டை என்று என்னென்னவோ தேட வேண்டியிருந்தது. கொரோனா வந்தபிறகு பாதி முகத்தை மூடிக்கொண்டு கடைக்குப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஸ்பெயினில் அவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமில் பாதிக்குமேல் பின்லாந்துக்காரர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வெயில் காய வந்தவர்கள். இந்தக் குளிர்காலத்தில் ரைமோவோடு சீட்டாடும் இரண்டு பேரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு பேரும் திரும்பவில்லை. கரடி எதிரே வந்தாலும் ஒதுங்காத ரைமோ, பக்கத்து வண்டியில் யாராவது இருமினால் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தான்.

"இந்த ஊர் ஆஸ்பத்திரியில பாஷை தெரியாம சாக நான் தயாரா இல்ல. வண்டியை எடு, வீட்டுக்குப் போவோம்" என்றான் ஒருநாள்.

ஹெல்கா துணிகளை மடித்து வைத்தாள். உள்ளே அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

காரணம் வீவி. ஒரே மகள். ஹெல்சிங்கியில் இருக்கிறாள். ஆறு வருடமாகப் பெற்றோர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. முகாமின் துணி துவைக்கும் அறையில், இயந்திரம் கடகடவென்று சுற்றும் சத்தத்துக்கு நடுவே, ஹெல்கா அவளோடு திருட்டுத்தனமாகப் பேசுவாள். கிளம்புவதற்கு முன் பேசியபோது வீவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, கப்பல் வந்து நிக்கறப்ப நான் துறைமுக வாசல்ல இருப்பேன். அவர் வண்டிக்குப் போகட்டும், நீ நடந்து போறவங்க கூட்டத்தோட வெளியே வந்துடு. ஒரு பை போதும், பையும் இல்லன்னா பரவாயில்ல. ஆனா தனியா வா. அவரைக் கூட்டிட்டு வந்தா நான் திரும்பிப் போயிடுவேன். அப்புறம் போன் எடுக்க மாட்டேன். என்னால இதுக்கு மேல உன்னைப் பாத்துட்டே இருக்க முடியாது."

எஸ்தோனியாவின் தாலின் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஹெல்சிங்கியில் காலாற நடந்து வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அவன் வண்டியோடு கப்பலின் வயிற்றில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கட்டும். பிரான்சில் மாலையானால் ஊரடங்கு, ஜெர்மனியில் பனிப்புயல், ஒவ்வோர் எல்லையிலும் மூக்கில் குச்சி விட்ட சீட்டு. எல்லாவற்றையும் ஹெல்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியது அந்த நடைக்காகத்தான்.

லித்துவேனியாவைத் தாண்டி லாத்வியா எல்லைக்கு வந்தபோது மத்தியானம். ஆள் நடமாட்டம் இல்லாத எல்லை. பல வருடமாக மூடிக் கிடந்த சாவடியைத் திறந்து, துப்பாக்கியும் கையுறையுமாக இரண்டு பேரை நிற்க வைத்திருந்தார்கள். ஒருவன் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தான், பாஸ்போர்ட்டைப் பார்த்தான்.

"எங்க நாட்டுல தங்கக் கூடாது. பாதி நாளுக்குள்ள கடந்து போயிடணும். பெட்ரோலுக்கு நிறுத்தலாம், கக்கூஸுக்கு நிறுத்தலாம், அவ்வளவுதான். சரியா?" என்றான் உடைந்த ஆங்கிலத்தில். பிறகு, "முகத்தைக் காட்டுங்க, மேடம்" என்றான்.

ஹெல்காவுக்கு இது தோன்றவே இல்லை. இதுவரை எல்லா எல்லையிலும் சீட்டைத்தான் கேட்டார்கள். ரைமோ பக்கத்து இருக்கையில் இருந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், கடிகாரத்தின் வாரை விரலால் தடவியபடி. அவள் கவசத்தைக் கீழே இழுத்தாள். உதடு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவில் ரத்தம் காய்ந்து கிடந்தது.

அந்தக் காவலனுக்கு மகன் வயது இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான், ரைமோவைப் பார்த்தான்.

"இது எப்படி ஆச்சு?"

"பனியில வழுக்கி விழுந்தேன்."

"நிஜமாவா?"

"படிக்கட்டுல. வண்டிப் படிக்கட்டுல."

கேட்காமலே தேடி வந்த உதவியை இப்படி எட்டி உதைத்தாள். பயமா, பழக்கமா என்றால் இரண்டும்தான். ஆனால் கணக்கும் இருந்தது. இங்கே உண்மையைச் சொன்னால் இறக்குவார்கள், விசாரிப்பார்கள், எழுதுவார்கள், மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள். நாளைய கப்பல் போய்விடும். வீவி வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அதனால் வழுக்கி விழுந்தாள். அந்தப் பையன் நீண்ட நேரம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தான்.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் ரைமோ அவள் முழங்காலைத் தட்டினான்.

"நல்லா சொன்ன. படிக்கட்டு! எங்கிருந்து பிடிச்ச அதை?" சிரித்தான். வோட்கா பாட்டிலைத் திறந்தான். இரண்டு மடக்கு உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. "ஆனா ஒண்ணு. கவசத்தை இறக்கறப்ப அவனை ஒரு பார்வை பாத்தியே. என்ன அது?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் கண்ணுல பட்டுது."

"காப்பாத்துங்க ஐயாங்கற மாதிரி இருந்துது."

"ரைமோ, ரோடு வழுக்குது. பேசாம வா."

ஓட்டுகிறவளை முகத்தில் அடித்தால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும் என்ற அறிவு அவனுக்கு உண்டு. முழங்கையால் விலாவில் குத்தினான். அவள் மூச்சு நின்று, பிறகு வந்தது. வண்டி கோடு மாறாமல் போனது. ரீகா நகரை ஒதுக்கி, கடலோரச் சாலையில் வடக்கே திரும்பினாள். இருபுறமும் பைன் மரங்கள், பனி, மேகத்துக்குள் மங்கிய சூரியன். எதிரில் எப்போதாவது ஒரு லாரி. மோட்டார்ஹோம் ஒன்றுகூட இல்லை. மற்ற வருடங்களில் இந்தச் சாலையில் எதிர்ப்படும் வண்டிவீட்டுக்காரர்களுக்கெல்லாம் கையசைத்துக் கையசைத்தே தோள் வலிக்கும்.

வழி காட்டுவதற்காக ஹெல்காவின் போன் வண்டியின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. மணியடித்தது. திரையில் 'பல் டாக்டர்' என்று வந்தது. வீவியின் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.

ஹெல்கா கையை நீட்டுவதற்குள் ரைமோ திரையைத் தட்டி அழைப்பை எடுத்துவிட்டான். "பல் டாக்டரா? நல்ல நேரத்துல கூப்பிடறார். உதட்டுக்கும் சேத்து மருந்து கேளு" என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொல்லிக் கண்ணடித்தான்.

வண்டி முழுக்க வீவியின் குரல் நிறைந்தது. "அம்மா? பேசலாமா? தனியா இருக்கியா?"

ஹெல்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேசினால் எதைப் பேசுவது?

"இல்லடா செல்லம்" என்றான் ரைமோ. தேன் ஒழுகும் குரல் அது. வீவி குழந்தையாக இருந்தபோது அவளைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுவானே, அதே குரல். "அப்பாவும் கூடத்தான் இருக்கேன். அம்மா ஓட்டறா. என்ன விஷயம், சொல்லு."

வீவி அவனை விட்டுவிட்டு அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா, நீ கேக்கறன்னு தெரியும். நான் சொன்னதுல மாத்தம் இல்ல. தனியா வந்தா இருப்பேன். இல்லன்னா இருக்க மாட்டேன்." தொடர்பு அறுந்தது.

ரைமோ போனை எடுத்தான், ஜன்னலை இறக்கினான், வீசினான். ஜன்னலை ஏற்றினான். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தான். பிறகு கடிகாரத்தைக் கழற்றி முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டில் வைத்தான்.

"எங்க தனியா போகப்போற?"

"ரைமோ..."

"எங்கடீ தனியா போகப்போற, கிழட்டுக் கழுதை!"

வீலைப் பிடித்து இழுத்தான். ஏழு மீட்டர் வண்டி பனிக்கட்டிமேல் குறுக்கே திரும்பியது, பின்பக்கம் முன்னால் வரப்பார்த்தது. உள்ளே அலமாரி திறந்து தட்டும் கோப்பையும் தரையில் கொட்டி நொறுங்கின. எதிரே லாரியின் விளக்கு. ஹெல்கா பிரேக்கைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே மூன்று பேரின் கதை முடிந்திருக்கும். வலது முழங்கையால் அவன் தாடையை இடித்துத் தள்ளிவிட்டு, வழுக்குகிற பக்கமே வீலைத் திருப்பிக்கொடுத்து, மெல்ல மெல்ல வண்டியைத் தன் வழிக்குக் கொண்டுவந்தாள். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாமல் போனது.

அதில் ரைமோவுக்கே பயம் வந்துவிட்டது. பயந்தால் அவனுக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

"அங்க நிறுத்து. அந்த மரத்துக்கு நடுவுல. காபி போடு. பேசணும்."

கோடையில் கடலில் குளிக்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடம் அது. இப்போது பனியும் ஒரு குப்பைத்தொட்டியும்தான் இருந்தன. ஹெல்கா நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. பின்பக்கம் போய் உடைந்த கோப்பைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நீலச்சுடர் ஒருமுறை குதித்து அடங்கியது. கூடவே ஹீட்டரின் உறுமலும் நின்றது. போன வருடம் பின்லாந்தில் வாங்கிய, குளிரிலும் எரியும் புரொப்பேன் சிலிண்டர் காலி.

"காஸ் தீந்துடுச்சு."

"மாத்துனா போச்சு. ரெண்டு ஃபுல்லா இருக்கு."

"அது ஸ்பெயின்ல வாங்கினது. பியூட்டேன். இந்தக் குளிருக்கு அது ஆவியாகாது, அன்னைக்கே சொன்னேனே. ஜெர்மனியில மாத்திக்கலாம்னு..."

சொல்லியிருக்கக் கூடாது. பின்லாந்தில் பிறந்த ஒருவனுக்குக் குளிரைப் பற்றிப் பாடம் எடுப்பதா? அதுவும் இவளா? அவள் தலைமுடியைப் பிடித்து அடுப்புத் திட்டில் மோதினான். இரண்டு முறை. அவள் உடைந்த கோப்பைகளின்மேல் விழுந்தாள், உள்ளங்கையில் பீங்கான் ஏறியது. விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். வண்டிக்குள் செருப்புப் போடுவதில்லை என்பதால் கம்பளிக் காலுறை மாட்டிய கால்தான். இல்லையென்றால் சிறுநீரகம் கிழிந்திருக்கும்.

"காஸ்னா காஸ்தான்! ஸ்பெயின் காஸ், பின்லாந்து காஸ்னு ஜாதியா இருக்கு அதுக்கு? இப்ப பாரு."

காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வெறும் சட்டையோடு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினான். குளிர் நாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற தவறுதான். ஒரு நிமிட வேலைக்கு யார் கோட்டு மாட்டுவார்கள்? கதவை அறைந்து சாத்தினான். சிலிண்டர் பெட்டி வண்டியின் பின்புறம் வெளியே இருந்தது. அவன் மூடியைத் திறப்பதும், உலோகத்தைத் தட்டுவதும், வாய்க்கு வந்தபடி ஏசுவதும் அவளுக்குக் கேட்டது. புதுச் சிலிண்டரை மாட்டியிருப்பான். அது நிறைய இருக்கும், ஆனால் தண்ணீர்போல் உள்ளேயே கிடக்கும். இனி அவன் உள்ளே வந்தால் அவள் சொன்னது சரி என்பதற்காகவும் அடிவிழும். அந்த அடி இதுவரை விழுந்ததைப்போல் இருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஹெல்கா தவழ்ந்தாள். எழுந்து நடக்கத் தெம்பில்லை. ஓட்டுநர் இருக்கையின் அடிப்பகுதியைப் பிடித்து ஏறினாள். பூட்டுப் பொத்தானை அழுத்தினாள். எல்லாக் கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. அத்தனை வருடத்தில் ஹெல்கா அவன் முகத்தில் கதவைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

அவன் ஓடிவந்தான். "ஏய்! திற!" ஓட்டுநர் பக்கம் பின்னால் பார்க்கும் கண்ணாடியை ஸ்பேனரால் அடித்து நொறுக்கினான். "திறடீ!" அடுத்த அடி ஜன்னலுக்கு. கண்ணாடி வெடித்தது, விழவில்லை. அவள் கியரைப் போட்டாள். உடைந்த கண்ணாடியின் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி நாலைந்து தப்படி ஓடிவந்தான். கம்பி அவன் கையோடு பிய்ந்துபோனது. வண்டி திரும்பும்போது, மிஞ்சியிருந்த வலப்பக்கக் கண்ணாடியில் அவன் பனியில் உருண்டதைப் பார்த்தாள். சாலைக்கு வந்தாள். வேகமெடுத்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்தாள், உதடு மறுபடி கிழிந்து ரத்தம் நாடியில் வழிந்தது, அதோடும் சிரித்தாள். அவ்வளவு சுலபமா? ஒரு பொத்தான், ஒரு கியர். இத்தனை காலமும் இதற்கா பயந்தாள்? எல்லைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தாலின், கப்பல், வீவி.

அப்புறம் முன்பலகையில் வெளிக்குளிர் காட்டும் எண் கண்ணில் பட்டது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. வெறும் சட்டை, ரப்பர் செருப்பு, உள்ளே வோட்கா. கணக்குப் போட அவளுக்குக் காகிதம் தேவையில்லை.

கயானியில் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. கடுங்குளிரில் எவனையும் வழியில் இறக்கிவிடக் கூடாது. டிக்கெட் இல்லாதவனானாலும், இருக்கையில் வாந்தி எடுத்தவனானாலும், ஓட்டுநரையே கைநீட்டி அடித்தவனானாலும், சூடான ஒரு கட்டடம் வரும்வரை ஏற்றிக்கொண்டு போய்த்தான் இறக்க வேண்டும். தைஸ்தோ என்ற ஒருவர் மட்டும் ஒருமுறை ரகளை செய்த குடிகாரனைக் காட்டுச் சந்திப்பில் இறக்கிவிட்டார். காலையில் பனி தள்ளும் வண்டிக்காரன் அந்த ஆளைக் கண்டெடுத்தான். தைஸ்தோவை எந்தக் கோர்ட்டும் தண்டிக்கவில்லை. ஆனால் பணிமனையில் அவர் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தால், அந்த மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோவார்கள். ஹெல்காவும் எழுந்து போயிருக்கிறாள்.

"அவன் குடிகாரப் பயணி இல்ல. என்னைக் கொல்லப் பாத்தவன்" என்று உரக்கச் சொன்னாள்.

சாகட்டுமே என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன, ஆசைப்பட்டாள். வேறு யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று சமாதானமும் சொல்லிப் பார்த்தாள். யார் ஏற்றுவார்கள்? இருமுகிற ஆளைக் கண்டாலே தெருவைக் கடந்துபோகிற காலம். கவசமில்லாமல், கையில் ரத்தத்தோடு சாலையில் நிற்கிற அந்நியனுக்கு எந்த லாரிக்காரன் கதவைத் திறப்பான்?

இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். தனியா வா என்றாள் வீவி. அவன் இந்தக் காட்டில் விறைத்துச் செத்தால் நான் தனியாகப் போய் இறங்குவேனா? பின்னால் கட்டிலில் அவனும் கிடப்பான். ஹெல்சிங்கி வரை வருவான், வீவி வீட்டுச் சோபாவில் உட்காருவான், நான் சாகும்வரை எழுந்துபோக மாட்டான். உயிரோடு இருக்கிறவனையாவது எங்காவது இறக்கிவிடலாம்.

"பெர்கெலே!" என்று கத்தினாள். அவள் தகப்பன் குதிரையைத் திட்டியதும் அந்தச் சொல்லால்தான். அழுகை வந்தது. இரக்கத்தால் வந்த அழுகை இல்லை. அந்த மனிதனுக்காக இன்னும் ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரத்தில் வந்தது. முன்னும் பின்னுமாக ஐந்தாறு தடவை எடுத்து அந்த ஒடுங்கிய சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் சாலை நடுவே வந்துகொண்டிருந்தான். ஒரு காலில் செருப்பில்லை. கைகளை அக்குளுக்குள் சொருகியிருந்தான். புருவம் வெளுத்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் நின்று பல்லைக் காட்டினான்.

ஹெல்கா பின்பக்கம் போய், படிக்கட்டருகே மாட்டியிருந்த பனி அள்ளும் அலுமினிய மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா" என்றான். நாக்கு குழறியது. "தெரியும். எங்க போவ நீ? உனக்குப் போக எந்த இடம் இருக்கு?"

"ஏறு."

ஏறினான். மேல்படியில் கால் வைத்ததும், நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையாலேயே அவள் காதோடு சேர்த்து அறைந்தான். விறைத்த கை மரக்கட்டைபோல் விழுந்தது. அடித்தவனே வலி தாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான்.

அவள் மண்வெட்டியைத் தட்டையாகப் பிடித்து அவன் தோளில் போட்டாள். அவன் முழங்காலில் விழுந்தான். முதுகில் போட்டாள். "ஹெல்கா, வேணாம்" என்றான். மூன்றாவது முறையும் போட்டாள். அந்த மூன்றாவது அடி தேவையில்லை. அவளுக்குத் தெரியும். அவன் கீழே கிடந்தான், கை நீட்ட வலுவில்லாமல் கிடந்தான், ஆனாலும் போட்டாள், போட்டபோது உடம்பெல்லாம் இதமாக இருந்தது. நான்காவதுக்கு ஓங்கியவள் அந்த இதத்தைக் கண்டு பயந்துபோய்க் கையை இறக்கினாள். இவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

"எழுந்து மேஜைக்குப் பின்னால உக்காரு. பெல்ட் போட்டுக்க. கம்பளியை எடுத்துப் போத்திக்க. எழுந்தா மறுபடி விழும்."

உட்கார்ந்தான். அவள் கோட்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள். மண்வெட்டியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டியை மறுபடி வடக்கே திருப்பி ஓட்டினாள்.

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். முதலில் மிரட்டினான். வீட்டுக்குப் போனதும் பார் என்றான். பிறகு கால்விரல் தெரியவில்லை என்று அழுதான். பிறகு, "நான் என்ன வேணும்னா செஞ்சேன்? என் அப்பன் என்னை அடிச்சதுல பாதிகூட இல்ல" என்றான். "உனக்கு ஒரு நாளாவது சாப்பாட்டுக்குக் குறை வச்சேனா?" என்றான். ஹெல்கா சாலையைப் பார்த்து ஓட்டினாள். வண்டி ஓட்டும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று அவளுடைய பேருந்தில் எழுதிப் போட்டிருக்கும்.

எஸ்தோனியா எல்லைச் சாவடியில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் காவலர்கள் குளிர்காயும் கொட்டகை, புகைபோக்கியில் புகை. இளம் அதிகாரி ஒருவன் வந்தான். முகக்கவசம், காதுமூடித் தொப்பி, சுமாரான பின்னிஷ் பாஷை. உடைந்த கண்ணாடியையும் வெடித்த ஜன்னலையும் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கவசம் போடவே மறந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"பின்னால இருக்கறது என் புருஷன். குடிச்சிருக்கார். காலு விறைச்சுப் போச்சு, ஆம்புலன்ஸ் வேணும்." மூச்சு வாங்கினாள். "என் முகத்தை இப்படிப் பண்ணது அவர்தான். இன்னைக்கு மட்டும் இல்ல. நான் அவரை இங்க இறக்கி விடறேன்."

உள்ளிருந்து ரைமோ கத்தினான். "அவதான் என்னை அடிச்சா! மண்வெட்டியால அடிச்சா! கேளுங்க அவளை!"

அதிகாரி அவளைப் பார்த்தான்.

"ஆமா, அடிச்சேன். மூணு தடவை. எழுதிக்கங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. கேட்டார்கள், எழுதினார்கள், உதட்டையும் உள்ளங்கையையும் படமெடுத்தார்கள், ஒரு பெண் செவிலி பீங்கான் துண்டுகளைப் பிடுங்கிக் கட்டுப்போட்டாள். ஹெல்கா எதையும் மறைக்கவில்லை. விட்டுவிட்டுப் போனதையும் சொன்னாள், திரும்பியதையும் சொன்னாள். தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுபோகும்போது ரைமோ தலையைத் தூக்கி அவளைத் தேடினான்.

"ஹெல்கா, கடிகாரம். முன்னால தட்டுல இருக்கு."

கொண்டுவந்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், கதவைச் சாத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் திரும்பிப் போனபோது அவளுக்குத் துக்கம் வரவில்லை. கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கப்பலுக்குப் போகலாம், உங்களை நிறுத்தி வைக்க மாட்டோம். அப்புறம் கூப்பிட்டு விசாரிப்பாங்க. யாருக்காவது தகவல் சொல்லணுமா?" என்ற அதிகாரி தன் போனை நீட்டினான்.

எண் மனப்பாடம். கட்டுப்போட்ட விரலால் அழுத்தினாள். தெரியாத நாட்டு எண் என்பதால் வீவி வெகுநேரம் எடுக்கவில்லை.

"யாரு?"

"நான்தான்."

வீவி கேட்டாள். "அப்பா செத்துட்டாரா?"

கேட்ட குரலில் இருந்தது பயமா, ஆசையா என்று பெற்றவளுக்கே பிடிபடவில்லை.

"இல்ல. உயிரோட, சூடான இடத்துல இருக்கார். நான் இறக்கி விட்டுட்டேன்."

வீவி அழ ஆரம்பித்தாள். குழந்தையாக இருந்தபோதுகூட ஒரு சத்தமும் இல்லாமல் அழப் பழகியிருந்தவள், இப்போது ஓவென்று அழுதாள். அதிகாரி நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஹெல்கா காத்திருந்தாள்.

"சரி, அழு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க" என்றாள். "நாளைக்கு நடந்து வர்றவங்க வழியில என்னைத் தேடாத. நான் வண்டியை ஓட்டிட்டு வரேன். ஏழு மீட்டர் வண்டி. நிறுத்தறதுக்கு இடம் பாத்து வை."